பெட்டிக்குப் பின்னால் மூன்று பேர்

சனிக்கிழமை காலை. சமையலறை மேஜையில் சிந்திக் கிடந்த ரொட்டித்தூளை உள்ளங்கையால் ஒதுக்கிவிட்டு, ரூனே புது ரவுட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்தான். ஆள் அனுப்பி மாட்டித் தருகிறோம் என்று கடையில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டான். இந்த மாதிரி வேலைக்கு ஆள் கூப்பிடுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். யேவ்லே நகரத்தில் அவர்கள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் யார் வீட்டு இணையம் நின்றாலும் ரூனே வீட்டு மணிதான் அடிக்கும். குடியிருப்போர் சங்கத்தின் இணையப் பக்கத்தை உருவாக்கியவனும் அவன்தான். துணி துவைக்கும் பொது அறைக்கு நேரம் பதிவு செய்ய அதில் ஓர் இடம் இருந்தது. எல்லாரும் சேதி எழுத ஒரு சுவர் இருந்தது. சுவரில் பெயர் போடாமலும் எழுதலாம்.

எதிரே தெக்லே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எரித்ரியாக்காரன், நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ரூனேயின் மகள் படிக்க வேறு ஊருக்குப் போனதும் காலியான அறையில் வாடகைக்கு வந்தவன். பச்சைக் காப்பிக்கொட்டையை வாணலியில் வறுப்பான், கூரையிலிருக்கும் புகைக் கருவி அலறும். போனில் பேசினால் ஊருக்கே கேட்கும். குளியலறைக்குள் போனால் சீக்கிரம் வரமாட்டான். அவனைப் பற்றி ரூனே சொல்லக்கூடிய குற்றம் இவ்வளவுதான்.

"என் போன் ஏறலையே. சுத்திக்கிட்டே இருக்கு."

ரூனே மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தான். தப்பு அவனுடையதுதான். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு ரவுட்டர் பங்கிட்டுத் தரும் முகவரிகளை அவன் கணக்காக ஒதுக்கியிருந்தான். தன் போன், மனைவி மாலினின் போன், கணினி, தொலைக்காட்சி. அதோடு சரி.

"உனக்கு ஒதுக்க மறந்துட்டேன்."

"வாடகை வாங்கறப்ப மட்டும் மறக்க மாட்ட."

அடுப்பருகே நின்ற மாலின் சிரித்தாள். ரூனேயும் சிரித்து, முகவரிகளின் எல்லையைக் கொஞ்சம் அகலமாக்கினான். தெக்லேயின் போன் ஏறியது.

"என்ன முகவரி இது? நம்ம தெரு முகவரியா?"

"இல்ல. வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற நம்பர். நீ உள்ள வந்தா இந்த ரவுட்டர் பெட்டி உனக்கு ஒரு நம்பரை எடுத்துக் குடுக்கும். ஒரு நாளைக்கு அது உன்னோடது. இருந்தா நீட்டிக்கலாம். நீ போயிட்டா வேற யாருக்காவது குடுத்துடும்."

"வாடகைக்கு."

"அதேதான்."

"என்னை மாதிரி." தெக்லே மூலையில் இருந்த அச்சு இயந்திரத்தைக் காட்டினான். "அந்த பிரிண்டருக்கு?"

"அதுக்கு நிரந்தரம். நம்பர் மாறிச்சுன்னா கம்ப்யூட்டர் அதைத் தேடிக்கிட்டு அலையும்."

"பிரிண்டருக்கு நிரந்தரம், எனக்கு ஒரு நாள். நல்லா இருக்குப்பா உன் வீட்டு நியாயம்."

ரூனேக்கு விளக்கம் சொல்வது பிடிக்கும். யாராவது காது கொடுத்தால் போதும், விடமாட்டான். "இந்த நம்பர் எதுவும் வெளில செல்லாது. வெளில மொத்த வீட்டுக்கும் ஒரே முகவரிதான். நீ ஒண்ணு அனுப்பினா பெட்டி உன் நம்பரைக் கழட்டிட்டு வீட்டு முகவரியை ஒட்டி அனுப்பும். பதில் வந்தா, கேட்டது யாருன்னு ஞாபகம் வெச்சு அவன்கிட்ட குடுக்கும். வெளில இருக்கறவனுக்கு உள்ள யார் இருக்காங்கன்னே தெரியாது."

தெக்லே கோப்பையை உருட்டியபடி யோசித்தான். "அப்ப நான் வெளில என்ன பண்ணாலும் உன் பேர்லதான் போகும்?"

"இணைப்பு என் பேர்ல இருக்கு. ஆமா."

"நான் ஏதாவது கோக்குமாக்கு பண்ணா?"

"என்னைத்தான் கேப்பாங்க. நான்தான் பதில் சொல்லணும்."

"பெரிய மனசுதான் உனக்கு" என்று எழுந்து போனான் தெக்லே. ரூனே அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

பிப்ரவரி வந்தது. வியாழக்கிழமை மாலை ரூனே குடும்பத்தின் துவைக்கும் நேரம். அந்தக் கட்டடத்தில் ஒருவன் தன் மனைவியை இழுத்துக்கொண்டு போனவனைக்கூட மன்னிப்பானோ என்னவோ, தன் துவைக்கும் நேரத்தில் கைவைத்தவனை மன்னிக்கமாட்டான். ரூனே கூடையைச் சுமந்துகொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினான். இயந்திரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் நீலக்கரை போட்ட வெள்ளைப் படுக்கைவிரிப்பு. தரையில் இன்னொரு விரிப்பு, சுருட்டிப் போட்டபடி. அதிலிருந்து மூத்திர வாடை வந்தது.

யாருடையது என்று அவனுக்குத் தெரியும். நீலக்கரை விரிப்புகள் மூன்றாம் மாடி பால்கனியில் காய்வதை எத்தனையோ கோடைகளில் பார்த்திருக்கிறான். சோல்வெய்யும் அவர் கணவர் லெனார்த்தும் வசிக்கும் வீடு. லெனார்த் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் குளிரில் அவர் செருப்போடு முற்றத்துப் பனியில் நின்றதை ரூனே பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டிருக்கிறான்.

தன் வீட்டைத் தாண்டி இன்னும் இரண்டு மாடி ஏறிக் கதவைத் தட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அங்கே யாரும் கதவைத் தட்டிச் சண்டை போடுவதில்லை. அது நாகரிகமில்லை. காகிதத்தில் எழுதிப் பெயர் போடாமல் ஒட்டிவிட்டுப் போவார்கள், அதுதான் நாகரிகம். காகிதத்தின் இடத்தைத்தான் ரூனே உருவாக்கிய சுவர் பிடித்திருந்தது.

கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். காப்பி இறங்குவதற்குள் போனில் எழுதி முடித்தான்.

"மூன்றாம் மாடிக்கு. அடுத்தவர் நேரத்தில் துவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அறை முழுக்க மூத்திர நாற்றம். படுக்கையை நனைக்கும் வயது வந்துவிட்டால் அதற்கென்று முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. இப்படிக்கு, சுத்தத்தை விரும்பும் ஒருவர்."

மூன்றாம் மாடியில் இரண்டு வீடுகள். ஒன்று பூட்டியே கிடக்கும். ஆகவே பெயர் எழுதாமலே பெயர் எழுதியாகிவிட்டது. சிலர் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினார்கள். ரூனே ஒரு பன்னைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

சோல்வெய் அதற்குப் பிறகு துவைக்கும் அறைக்கு நேரம் பதிவு செய்யவில்லை.

சில நாள் கழித்துச் சங்கத் தலைவி அனெத் வந்தாள். பல் மருத்துவமனையில் உதவியாளர், குரல் உயர்த்தாதவள். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு நடைக்கூடத்திலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்தாள்.

"ரூனே, அந்தச் சேதி விஷயம். சோல்வெய் என்கிட்ட வந்து அழுதாங்க. லெனார்த்துக்கு மறதி நோயாம். ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாம சமாளிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

"அடப்பாவமே" என்றான் ரூனே. குரல் சரியாகத்தான் வந்தது.

"எந்த முகவரியிலேர்ந்து எழுதறாங்கன்னு பக்கத்துக்குப் பின்னாடி பதிவாகுதே, நீதான அந்த வசதியை வெச்ச? அதைத் தேடிப் பாத்தேன்." அனெத் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன் வீட்டு முகவரியைக் காட்டுது."

 எப்போதும் வருவதுபோல ரூனேக்கு விளக்கம் வந்தது.

"அது வீட்டு முகவரி அனெத். ஆளோட முகவரி இல்ல. உள்ள எத்தனை பேர் இருந்தாலும் வெளில ஒரே முகவரிதான் தெரியும். பெட்டி அப்படித்தான் மாத்தி அனுப்பும்."

"உள்ள யார் யார் இருக்கீங்க?"

"மூணு பேர். நான், மாலின்..." ஒரு மூச்சு விட்டான். "தெக்லே."

அனெத்தின் கண் காலணித் தட்டுக்குப் போனது. பேருந்து ஓட்டுநரின் கறுப்புப் பூட்ஸ் ஒரு ஜோடி அங்கே இருந்தது. ரூனேயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்டியில பாத்துச் சொல்ல முடியாதா?"

"அது அவ்வளவு நாள் ஞாபகம் வெச்சுக்காது."

"நான் யாரையும் குத்தம் சொல்லல."

"நானும் சொல்லல" என்றான் ரூனே.

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. ஒவ்வொன்றாக எடுத்து எந்த நீதிமன்றத்திலும் வைக்கலாம். எல்லாம் சேர்ந்துதான் பொய். ரூனே கதவை மூடினான்.  

மாலின் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பீட்ரூட்டைத் தோல் சீவிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்குத் துணியை நனைக்காமலே கூடையைத் திரும்பக் கொண்டுவந்தது நீதான?"

"ஆமா. அதுக்கு?"

"ஒண்ணுமில்ல." இன்னொரு பீட்ரூட்டை எடுத்தாள். "நீயே சொல்லுவியான்னு பாக்கறேன்."

அவளும் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். தெரிந்தும் தோல் சீவிக்கொண்டிருந்தவள் என்று பின்னால் அவள் தன்னைப் பற்றியே சொன்னாள்.

மார்ச்சில் ஒரு மாலை தெக்லே வேலையிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்தான்.

"சோல்வெய்க்கு என்ன ஆச்சு? கதவைத் திறந்து பாத்துட்டுச் சாத்திட்டாங்க."

"நீ எதுக்கு அங்க போன?" என்று கேட்டாள் மாலின்.

"துணி வாங்கத்தான். அவங்க கீழ வர்றதை நிறுத்திட்டாங்கல்ல? என்னோட நேரத்துல அவங்க விரிப்பையும் சேத்துத் துவைச்சுக் குடுக்கறேன்." இருவரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு தெக்லே கையை விரித்தான். "சும்மா ஒண்ணும் இல்லப்பா. கீழ்த்தளத்துல அவங்க சாமான் வைக்கிற கூண்டுல என் சைக்கிளை வெச்சிருக்கேன். வெளில வெச்சா துருப்பிடிக்குது. கொடுக்கல் வாங்கல்தான்."

"என்ன சொன்னாங்க?" ரூனேயின் குரல் அவனுக்கே தூரத்திலிருந்து கேட்டது.

"'எழுதறதையும் எழுதிட்டு எப்படித்தான் என் மூஞ்சில முழிக்கற'ன்னு கேட்டாங்க. நான் என்னத்தை எழுதினேன்? எனக்கு உங்க பாஷையில எழுதவே வராது, ஷிப்ட் பேப்பர்ல கையெழுத்துப் போடறதோட சரி. அவங்களுக்கும் மறதி வந்துடுச்சா?"

மாலின் ரூனேயைப் பார்த்தாள். ரூனே எழுந்து காப்பி இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றினான். நிரம்பி வழிந்தது.

"உனக்கு ஏதாவது தெரியுமா ரூனே?"

"ஏதோ சுவத்துல வந்த சேதி. எனக்குச் சரியாத் தெரியல."

அந்தக் கட்டடத்தில் தெக்லேக்கு வணக்கம் சொல்வதைப் பலரும் நிறுத்திவிட்டார்கள். அவன் படியில் வந்தால் தபால்பெட்டியில் என்னமோ தேடினார்கள். அனெத் ரூனேயைப் பக்கத்து மளிகைக்கடையில் பார்த்தபோது, பால்பெட்டிகளுக்கு நடுவே நின்று மெல்லிய குரலில் சொன்னாள். "சங்கத்துல யாரும் சத்தம் போட விரும்பல. அந்த ஆள் தானா வேற இடம் பாத்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லது."

அப்போதும் சொல்லியிருக்கலாம். நடுவில் ஒரு பால்பெட்டி அளவு தூரம்தான். "பாக்கறேன்" என்றான் ரூனே.

தெக்லேயிடம் முகம் பார்த்துச் சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது குளிர்பெட்டிக் கதவில் ஒரு துண்டுக் காகிதத்தைக் காந்தம் வைத்து ஒட்டினான். மகள் கோடைக்கு வருகிறாள், அறை தேவைப்படுகிறது, ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்தால் நல்லது. கீழே ஒரு சிரிப்பு முகமும் வரைந்தான். அதை நினைத்தால் இன்றும் அவனுக்குக் காது சுடும்.

மாலை தெக்லே சமையலறையில் நின்று கேட்டான். "ஒரே வீட்லதான இருக்கோம்? வாய்ல சொன்னா என்ன?"

"நீ தூங்கிட்டு இருந்த."

"கதவைத் தட்டலாமே." காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "சரி. பொண்ணு வரட்டும். அவ வீடுதான."

யேவ்லேயில் ஒரு ஓட்டுநர் சம்பளத்துக்கு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ரூனேக்குத் தெரியாமல் இல்லை. தெக்லே போனில் பேசும் சத்தம் குறைந்துபோனது. காப்பிக்கொட்டை வறுப்பதையும் நிறுத்திவிட்டான். வீடு அமைதியாக இருந்தது, ஆள் செத்த வீடு மாதிரி.

ஏப்ரல் பாதியில் ஒரு மதியம் ரூனே ரயில் பட்டறைக் கிடங்கில் வேலை முடிந்து திரும்பினான். முற்றத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. தூக்குப்படுக்கையில் சோல்வெய், முகம் சுண்ணாம்பு மாதிரி. வாசலில் லெனார்த் செருப்போடு நின்றார். முழங்கால் வரை கால்சட்டை நனைந்திருந்தது. கையில் பாதி பிழிந்த நீலக்கரை விரிப்பு, தண்ணீர் சொட்டச் சொட்ட.

அனெத் ரூனேயின் அருகில் வந்தாள். "குளியல் தொட்டியில துவைச்சிருக்காங்க. ஈர விரிப்பு என்ன கனம் கனக்கும். தூக்கறப்ப வழுக்கிட்டாங்க. இடுப்பு எலும்பு போச்சுன்னு நினைக்கறாங்க."

"லெனார்த்?"

"தனியா விட முடியாது. இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. இதுக்குப் பயந்துதான் அந்த அம்மா ஒளிச்சு வெச்சிருந்தாங்க."

இல்லங்கள் இருக்கின்றன என்று எழுதியவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். லெனார்த் அவனைக் கூர்ந்து பார்த்தார். மனைவியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்த அந்த முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு வந்தது.

"நீ என் ஏணியை எடுத்துட்டுப் போன பையன்தான?"

ரூனே தலையாட்டினான். விளக்கு மாட்ட வாங்கிய ஏணி. எத்தனையோ வருடம் முன்னால். அவனுடைய கீழ்த்தளக் கூண்டில்தான் இன்னும் இருக்கிறது.

"பரவாயில்ல. வேலை முடிஞ்சதும் குடு" என்றார் லெனார்த். ஆஸ்பத்திரி ஆள் அவர் கையிலிருந்து விரிப்பை மெல்ல வாங்கினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரூனேயிடம் கொடுத்துவிட்டான். ரூனே அதை வாங்கிக்கொண்டு நின்றான். அவன் காலணிக்குள் தண்ணீர் இறங்கியது.

ஏப்ரலின் கடைசி ஞாயிறு முற்றம் சுத்தம் செய்யும் நாள். வருடா வருடம் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரவேண்டும். பனிக்காலத்தில் மக்கிய இலையை வாரி, மிதிவண்டிக் கொட்டகையைப் பெருக்கி, கடைசியில் சாசேஜ் சுட்டுத் தின்றுவிட்டுக் கலைவார்கள். தெக்லேயும் வந்திருந்தான். இரண்டு நாளில் போகப்போகிறவன் வரத் தேவையில்லை. ஆனாலும் கையுறை மாட்டிக்கொண்டு, யாரும் இல்லாத மூலையாகப் பார்த்து வாரிக்கொண்டிருந்தான்.

சாசேஜ் சுடும் அடுப்பைச் சுற்றி எல்லாரும் கூடியபோது அனெத் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். "ஒரு விஷயம். சுவத்துல இனிமே பேர் இல்லாம எழுத முடியாது. நடந்தது எல்லாருக்கும் தெரியும். சம்பந்தப்பட்டவர் வீட்டைக் காலி பண்றதால இதோட இந்தப் பேச்சை முடிச்சுக்கலாம்னு நினைக்கறேன். கடுகு விழுது யாருக்கு வேணும்?"

எல்லாரும் சாசேஜைப் பார்த்தார்கள். தெக்லே இலை வாரியை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தான்.

"சம்பந்தப்பட்டவர்னா யாரு?"

அனெத் கடுகு விழுதுக் குப்பியைத் திருகி மூடினாள்.

"காலி பண்றது நான் ஒருத்தன்தான். அதான் கேக்கறேன்."

"தெக்லே, இங்க வேண்டாமே" என்றாள் அனெத். "அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா எங்க? சுவத்துலயா?" குரல் உயர்ந்தது. "நான் ஒரு மாசமா இந்தப் படியில ஏறி இறங்கறேன். ஒருத்தர் வாயைத் திறந்து கேக்கல. நான் அந்த அம்மாவைப் பத்தி என்னமோ எழுதினேன்னு நினைக்கறீங்களா? யார் சொன்னது?"

அனெத்தின் பார்வை ரூனேயிடம் வந்தது. குற்றம் சாட்டும் பார்வைகூட இல்லை. நீதானே விவரம் தெரிந்தவன், விளக்கிச் சொல் என்று கேட்கும் பார்வை. மாலினும் பார்த்தாள். ரூனேயின் கையில் காகிதத் தட்டு. அதில் கடுகு விழுது வழிந்துகொண்டிருந்தது.

"நான்தான்" என்றான்.

"கேக்கல" என்றார் பின்னாலிருந்து யாரோ.

"நான்தான் எழுதினேன். அந்தச் சேதியை." தொண்டையைக் கனைத்தான். "தெக்லே இல்ல. என் போன்லேர்ந்து நான் எழுதினேன். விரிப்பு அவங்களோடதுன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

அடுப்பில் கொழுப்பு சொட்டிப் பொரிந்தது. அனெத் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ மூணு பேர்னு சொன்னியே."

"மூணு பேர் இருக்கோம்னுதான் சொன்னேன்."

"அவனைத்தான்னு நான் நினைச்சுக்கணும்னுதான அப்படிச் சொன்ன?"

"ஆமா."

"நான் போய் சோல்வெய்கிட்டச் சொன்னேன். அவன்தான்னு. நானே சொன்னேன்." அனெத்தின் முகம் கழுத்துவரை சிவந்தது. அவள் தெக்லேயைப் பார்க்க முயன்று, முடியாமல் தரையைப் பார்த்தாள். அடிக்காமல், கத்தாமல், அவ்வளவு பேரும் அப்படியே நின்றார்கள். யாராவது அடித்தால் நன்றாக இருக்கும் என்று ரூனேக்குத் தோன்றியது. அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

தெக்லே கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். படியேறிப் போனான்.

மறுநாள் ரூனே மருத்துவமனைக்குப் போனான். சோல்வெய் தலையணையில் சாய்ந்திருந்தார். வழியெல்லாம் அவன் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். கட்டிலருகே வந்ததும் அதில் "நான்தான் எழுதினேன்" என்பது மட்டுமே மிஞ்சியது.

"அனெத் சொல்லிட்டா" என்றார் சோல்வெய்.  "அன்னிக்கு ஒரே நாள்ல மூணு தடவை நனைச்சுட்டார். அதான் நேரம் தாண்டிடுச்சு. நீ ரெண்டு மாடி ஏறி வந்து கதவைத் தட்டியிருந்தா, நானே சொல்லி மன்னிப்புக் கேட்டிருப்பேன். யார்கிட்டயாவது சொல்ல மாட்டோமான்னுதான் இருந்தேன்."

"தப்பு பண்ணிட்டேன்."

"ஆமா." அவர் அதை மென்மையாக்கவில்லை. "அந்தப் பையன் என் துணியைத் தொட்டுத் துவைச்சான். நான் அவன் மூஞ்சில கதவைச் சாத்தினேன். என்னைப் பாவியாக்கிட்ட ரூனே. இடுப்பு கூடிடும். இதை நான் எங்க கொண்டு வைக்க? நீ கிளம்பு. நான் தூங்கணும்."

வீட்டுக்கு வந்தபோது தெக்லேயின் பைகள் நடைக்கூடத்தில் இருந்தன. உடன் வேலை செய்பவன் வீட்டில், சோபாவில், இடம் கிடைத்திருக்கிறது. தெக்லே குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"போக வேண்டாம்" என்றான் ரூனே. "பொண்ணு வரல. அது பொய். அறை உன்னோடதுதான், எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு."

"நிரந்தரமாவா?"

"ஆமா."

"பிரிண்டரை வெச்சுக்கோ."

மாலின் சமையலறை வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெக்லே நிமிர்ந்தான். கோபம் இருந்தது, ஆனால் பேச்சு நிதானமாக வந்தது, தெரியாத பாதையில் வண்டி ஓட்டுகிறவன் மாதிரி.

"அன்னிக்கு மேஜையில உக்காந்து என்ன சொன்ன? வெளில போறதெல்லாம் உன் பேர்ல போகும், நீதான் பதில் சொல்லணும்னு சொன்ன. நான் ஏதாவது பண்ணியிருந்தா எனக்காக நீ நிப்பேன்னு நம்பினேன். நீ பண்ணினதுக்கு என்னை நிறுத்தின."

"உன் பேரை நான் குத்தமாச் சொல்லல. ஆனா..."

"அதான் கேவலம். நேரா என்னைக் காட்டிச் சொல்லியிருந்தா நான் சண்டையாவது போட்டிருப்பேன்." பையைத் தோளில் மாட்டினான். "வாயை மூடிக்கிட்டு, தன் பழி இன்னொருத்தன் தலையில விழறதைப் பாத்துக்கிட்டு நிக்கறவனும் பழி போட்டவன்தான் ரூனே. பேரை மறைச்சு எழுதற கைக்கு வெக்கம் கிடையாது. அந்த வெக்கத்தை எப்பவும் வேற ஒருத்தன் சுமக்கறான். இந்தத் தடவை நான் சுமந்தேன்."

கதவு மூடிக்கொண்டது. சத்தமில்லாமல்தான் சாத்தினான்.

அன்று மாலை ரூனே கீழ்த்தளத்துக்குப் போய் ஏணியை எடுத்து, மூன்றாம் மாடி வரை தூக்கிக்கொண்டு போனான். பூட்டிக் கிடந்த சோல்வெய் வீட்டுக் கதவுக்கு அருகே சாய்த்து வைத்தான். பழக்கத்தில் ஒரு காகிதத்துக்காகச் சட்டைப்பையைத் தடவினான். பிறகு கையை எடுத்துவிட்டான். சோல்வெய் திரும்பி வந்ததும் இந்தக் கதவைத் தட்டி, நின்று, வாயால்தான் சொல்ல வேண்டும். அவர் திறப்பாரா என்பது தெரியாது. திறக்காவிட்டால் அதுவும் அவன் வாங்கிக்கொள்ள வேண்டியதே.